பதினோரு மணிக்குச் சிதம்பரம் லைன்

சென்ற வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் கைபேசி அடித்தது. திரையில் தையல்நாயகி அம்மாளின் பெயர் தெரிந்தது. இரண்டு வருடங்களாக அந்தப் பெயர் தானாக வந்து என் திரையில் தெரிந்ததில்லை. தினமும் நான்தான் கூப்பிடுவேன். அதனால் அதைப் பார்த்தவுடன் எனக்கு உண்டானது சந்தோஷம். அம்மாள் தாமாகவே எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்துவிட்டேன். சார்ஜில் கிடந்த காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடலூர்" என்றேன். மறுமுனையில் அவருடைய மருமகள் கலா பேசினாள்.

"பாய், அத்தை விடியக்காலைல போயிட்டாங்க."

அதற்குப் பிறகு கலா ஏதேதோ சொன்னாள். எத்தனை மணிக்கு எடுப்பார்கள், எந்த பஸ்ஸில் வந்தால் தோதுப்படும் என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். காதில் மிஷின் இருந்தும் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வீட்டில் நான் ஒருவன்தான். யாரிடமும் சொல்ல ஆளில்லாமல் அடுப்படிக்குப் போய், போட்ட டீயைக் குடிக்காமல் ஊற்றிவிட்டுக் கிளம்பினேன்.

அம்மாளை அறியாதவர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். நான் கடலூர் முதுநகரில் இருப்பவன். தொலைபேசி இலாகாவில் ட்ரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்து, அந்த வேலையே இல்லாமல் போன பிறகு பில் கவுண்ட்டர், புகார்ப் பிரிவு என்று உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அம்மாள் சிதம்பரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தார். அப்போதெல்லாம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேச வேண்டுமானால் நேராக எண்ணைச் சுற்ற முடியாது. எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகச் சேர்ந்து இரண்டு வீட்டையும் இணைத்துக் கொடுப்போம். இப்படிப் பல வருடங்கள் அவருடைய குரலோடு வேலை பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததே கிடையாது.

காலை ஷிப்ட் தொடங்கியதும் முதல் வேலை லைன் டெஸ்ட். ஊர்ப் பெயர்தான் எங்கள் பெயர். "கடலூர் பேசுறேன். கேக்குதா?" என்பேன். "சிதம்பரம். நல்லா கேக்குது" என்பார். நன்றாக இருந்தால் நல்லா கேக்குது, கரகரத்தால் சுமார், இல்லாவிட்டால் கேக்கலை. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் எக்ஸ்சேஞ்சில் இருந்த ஒருவர், லைன் கொரகொரவென்று இருந்தபோதும் "நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டார். காலையிலேயே எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அன்று மத்தியானம் சிதம்பரத்திலிருந்து ஒருவர், பிரசவத்துக்கு வந்த மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கடலூரில் இருந்த மாப்பிள்ளைக்குச் சொல்ல முயன்று, கத்திக் கத்தித் தொண்டையைக் கட்டிக்கொண்டார். அம்மாள் நடுவில் இருந்து ஒவ்வொரு வார்த்தையாக எங்களுக்குத் திருப்பிச் சொல்லி, ஒருவழியாகச் செய்தியைச் சேர்த்தார். பிறகு எங்கள் ஆளை லைனில் நிறுத்தி வைத்துச் சொன்னது எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"மரியாதைக்கு நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. நீங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டா லைன்மேன் எப்படி வருவாரு?"

அந்த ஆளுக்குக் கோபம். கேன்டீனில் உட்கார்ந்து அந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி என்று புலம்பித் தீர்த்தார். நானும் அப்போது சிரித்தேன். அந்த வார்த்தை ஒருநாள் என் மடியில் வந்து விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

முதன்முதலாக அவரை நேரில் பார்த்தது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பணி நிறைவு விழாவில். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பின்னாலிருந்து, "ரசம் கொஞ்சம் போடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பாமலே "சிதம்பரம்" என்றேன். "கடலூரா?" என்று பதில் வந்தது. திரும்பிப் பார்த்தால், தோள் உயரம்கூட இல்லாத ஒல்லியான அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலுக்கு நான் மனதில் கட்டி வைத்திருந்த உருவம் நல்ல உயரமும் வாட்டசாட்டமுமாக இருந்தது. அதைச் சொன்னதும், நானும் பாயை ஒல்லியான ஆள் என்று நினைத்திருந்தேன் என்று என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஓய்வுக்குப் பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. என் மனைவி மவுத்தாகிப் போய்விட்டார். மகன் அன்வர் துபாயில் இருக்கிறான். வீடு பெரிதாகிவிட்டது. நான் மெல்ல மெல்ல வெளியே போவதைக் குறைத்தேன். கல்யாண வீட்டில் மூலை நாற்காலியைத் தேடுவேன். யார் எது கேட்டாலும் "ஆமா, ஆமா, சரி" என்று தலையாட்டுவேன். கறிக்கடையில் ஒன்றைக் கேட்டால் வேறொன்றைச் சொன்னேன். அன்வர் வெள்ளிக்கிழமை வீடியோவில் சொன்ன விஷயத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை கேட்டால் எனக்கு ஒன்றுமே தெரியாது. அத்தாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். கூகுளில் தேடினான், நண்பர்களிடம் கேட்டான், சென்னைப் பக்கத்தில் ஒரு முதியோர் விடுதியில் அறை பார்த்தான். புல்வெளியும் நீரூற்றும் தெரிகிற படங்களை அனுப்பினான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை.

அவன் பயந்தது போதாதென்று எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. நம் புத்தி நம்மை விட்டுப் போகிறது என்று தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பது போல ஒரு தண்டனை கிடையாது. என் அக்கா வல்லாரை லேகியம் கொடுத்தனுப்பினாள். வேளை தவறாமல் சாப்பிட்டேன். பல்லெல்லாம் பச்சையானதுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான், யார் மூலமோ விஷயம் கேள்விப்பட்டு, தையல்நாயகி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. கீரப்பாளையத்தில் தம் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போன கதையைச் சொன்னார். முடிந்ததும் அதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் தாறுமாறாக ஏதோ உளறினேன். பிறகு, ஃபோனை எந்தக் காதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இடது காதில் என்றேன். ஆபரேட்டராக ஹெட்செட்டை மாட்டிய காது அதுதான்; இன்றுவரைக்கும் என் கை அங்கேதான் போகும். வலது காதுக்கு மாற்றச் சொன்னார். அதே கதையை, ஆட்களின் பெயரை மாற்றி மறுபடி சொன்னார். இந்தத் தடவை அண்ணன் மகள் பெயர், கோழி வாங்கிய இடம், சோறு பற்றாமல் போனது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

"பாய், நீங்க எதையும் மறக்கலை. உங்களுக்குக் கேக்கவே இல்லை" என்றார்.

எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. காதை வைத்துச் சோறு தின்றவனுக்குக் காது கேட்கவில்லை என்பதா? மறுத்துப் பேசினேன். அவர் விடவில்லை. காது கேட்காவிட்டால் ஆட்களை விட்டு ஒதுங்குவோம், ஒதுங்கினால் மூளைக்கு வேலை இருக்காது என்று சொல்லி, "வேலை இல்லாத எக்ஸ்சேஞ்சை இலாகா என்ன பண்ணுச்சு? மூடிடுச்சில்ல?" என்று கேட்டார். அன்வரின் எண்ணை வாங்கி அவனிடமும் பேசினார். முதலில் அத்தாவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடு தம்பி, அறையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று சொன்னாராம். பரிசோதித்த டாக்டர் இரண்டு காதுமே மந்தம், இடது காதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்றார். மிஷின் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, மின்விசிறி இத்தனை வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஜங்ஷனில் ரயில் கூவியது கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். விடுதிப் பேச்சை அன்வர் அதோடு விட்டுவிட்டான். நான் இன்றைக்கும் முதுநகரில் என் வீட்டிலேயே இருக்கிறேன் என்றால் அதற்கு அம்மாள்தான் காரணம்.

அன்றிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்குச் சிதம்பரத்திலிருந்து லைன் வரும். முதலில் டெஸ்ட்: கேக்குதா, நல்லா கேக்குது. பிறகு ஒரே ஒரு கேள்வி: நேற்று யாரிடம் என்ன பேசினீர்கள்? டிவி கணக்கில் வராது. பேச ஆள் இல்லாத நாளில் பதில் சொல்ல முடியாது என்பதற்காகவே நான் வெளியே கிளம்பினேன். வல்லாரை விஷயத்தைச் சொன்னபோது அவர் லேகியத்தைக் கேலி செய்யவில்லை.

"சாப்பிடுங்க, வேணாங்கலை. ஆனா டப்பாவுல வேணாம். மார்க்கெட்டுக்கு நடந்து போயி, கீரைக்காரம்மாகிட்ட நாலு வார்த்தை பேசி, நீங்களே வாங்கிட்டு வந்து ஆஞ்சு சமைச்சு சாப்பிடுங்க. அப்பதான் அது மருந்து."

சர்க்கரையையும் பிரஷரையும் சரியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பகலில் தூங்கினால் திட்டினார். தெரிந்ததையே திருப்பித் திருப்பிச் செய்வதில் பிரயோஜனம் இல்லை, தெரியாத ஒன்றைத் தட்டுத்தடுமாறிப் படிக்க வேண்டும் என்பார். அவர் வீட்டு மாடியில் மணிப்பூரைச் சேர்ந்த மாணவிகள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களிடம் அவர்களுடைய மொழியில் எண்ணக் கற்றுக்கொண்டு, எனக்கு ஃபோனில் ஒப்பித்துக் காட்டுவார். சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? "பிரமாதம்" என்பேன். உங்களை யார் பிரமாதம் என்று சொல்லச் சொன்னது, நீங்களும் சொல்லுங்கள் என்பார். இரண்டு கிழடுகள் ஆளில்லாத இரண்டு வீடுகளில் உட்கார்ந்துகொண்டு, தெரியாத மொழியில் பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். மகனுக்கு வெளியூர் வேலை. கலாவும் வேலைக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க அவரும் தனி ஆள்தான் என்பதை அவர் சொல்லாமலே நான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் டெஸ்ட் முடிந்ததும் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தம் தாயாருக்குக் கடைசிக் காலத்தில் புத்தி மாறாட்டம் வந்ததைச் சொன்னார். வீட்டில் எல்லோரும் அன்பினால் அதை மறைத்தார்களாம். ஒன்றுமில்லை, வயசுதானே என்று சொல்லிச் சொல்லியே நாள் போய், கடைசியில் அந்த அம்மாள் எதையும் தானாக முடிவு செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டாராம்.

"எனக்கும் வரலாம் பாய். வந்தா வீட்டுல சொல்ல மாட்டாங்க, பாசம். நீங்கதான் சொல்லணும். லைன் டெஸ்ட் மாதிரி. சுமார்னா சுமார்னு சொல்லணும்."

சரி என்றேன். அது எவ்வளவு பெரிய வாக்கு என்று தெரியாமல் சொன்ன சரி அது.

கொஞ்ச காலம் கழித்துத் தொடங்கியது. அதே காதுகுத்துக் கதையைப் புதிதாகச் சொல்வது போலச் சொன்னார். மணிப்பூர் எண்கள் நடுவில் நின்றன. ஒரு நாள் சிரித்துக்கொண்டே, கீழவீதியில் பூ வாங்கிவிட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் தேர் வீதி நான்கையும் சுற்றிக்கொண்டிருந்ததாகவும், யாரோ கொண்டுவந்து விட்டதாகவும் சொன்னார். பிறந்ததிலிருந்து நடந்த வீதிகள். அவர் சிரித்தார். அன்று நான் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

இதை ஃபோனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டே போனேன். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் தோன்றியது. சொன்னால் இருக்கிற ஒரே சிநேகிதத்தையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பதினோரு மணி அழைப்பு இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கலாவும் அன்று வீட்டில் இருந்தாள்.

"அம்மா, லைன் சுமாரா இருக்கு" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. முகம் ஒரு நிமிடம் சின்னப் பிள்ளையின் முகம் போல ஆயிற்று. எவ்வளவு நாளாக என்று கேட்டார். கொஞ்ச நாளாக என்றேன். என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், சொன்னேன். கலாவுக்குத் தாங்கவில்லை. பெரியவர்களிடம் இப்படியா முகத்துக்கு நேரே சொல்வார்கள் என்று என்மேல் சீறிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"லைன்மேனைக் கூப்புடுவோம் பாய்" என்றார்.

டாக்டர் பல பரிசோதனைகள் செய்தார். தைராய்டு குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்ததில் கொஞ்சம் தெளிவு வந்தது. மற்றது தாயாருக்கு வந்ததுதான். முழுக்கத் தீராது, ஆனால் முன்கூட்டியே காட்ட வந்தது நல்லதாயிற்று, அவரே யோசித்துத் தம் ஏற்பாடுகளைச் செய்துகொள்ள நேரம் இருக்கிறது என்றார் டாக்டர். என் புத்தியைக் காத்தவருக்கே இப்படியா என்று எனக்கு ஆண்டவன் மேலேயே கோபம் வந்தது. இப்போதும் அது முழுதாக ஆறவில்லை. அவரிடம் அதைச் சொன்னபோது, கடைத்தெருவுக்கு நடந்து போனதும் நாலு பேரிடம் பேசியதும் வீணில்லை, இல்லாவிட்டால் இது இன்னும் சீக்கிரம் வந்திருக்கும் என்றார். அப்படித்தானா என்று யாருக்கும் தெரியாது. அவர் நம்பினார்.

தெளிவாக இருந்த அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் அவரே சொல்லி வைத்தார். சிதம்பரம் வீட்டை விட்டு எங்கேயும் கொண்டுபோகக் கூடாது. தனியாக இருக்கும்போது கேஸ் அடுப்பைத் தொட மாட்டேன், சிலிண்டரை மூடிவிட்டுப் போங்கள். பகலில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆள் எல்லா வேலையையும் செய்துவிடக் கூடாது. கீரை ஆய்வதும் துணி மடிப்பதும் என் வேலை. வருகிறவர்கள் யாரும் "நான் யாருன்னு தெரியுதா" என்று என்னைப் பரீட்சை வைக்கக் கூடாது, அவரவர் பெயரை அவரவரே சொல்ல வேண்டும். என்னிடம் தனியாகச் சொன்னது ஒன்றுதான். இனிமேல் எண்ணைத் தேடுவது எனக்குக் கஷ்டம், நீங்கள் கூப்பிடுங்கள் பாய் என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கடலூரிலிருந்துதான் லைன் போயிற்று. கேள்வி கேட்க மாட்டேன். நேற்று யாரிடம் என்ன பேசினேன் என்று நானே சொல்வேன். கீரைக்காரம்மாளின் மகளுக்குக் கல்யாணம், துறைமுகத்தில் வஞ்சிரம் கிடைக்கவில்லை, அன்வர் லீவில் வருகிறான். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். முதலில் என் மனைவியின் பெயர் அவருக்கு மறந்தது, பிறகு அன்வர் மறந்தான், கடைசியில் நானும் மறந்தேன். நான் பாய் பேசுகிறேன் என்றால், எந்த பாய் என்பார். மனது வலிக்கும். பொய் சொல்வானேன், சில நாள் ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். ஆனால் "கடலூர் பேசுறேன். கேக்குதா?" என்று தொடங்கினால் குரல் பழைய மாதிரி நிமிர்ந்துகொள்ளும். "சிதம்பரம். நல்லா கேக்குது" என்பார். சென்ற மாதத்தில் ஒரு நாள் மட்டும் பதில் வரத் தாமதமானது. பிறகு மெதுவாக, "சிதம்பரம். இன்னிக்கு சுமாராத்தான் இருக்கு" என்றார். மரியாதைக்குக்கூட அவர் பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நான் போனபோது அவரை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. உறவினர் ஒருவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார். என்ன முறை சொல்வது? கடலூர் எக்ஸ்சேஞ்ச் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கலா எழுந்து வந்து, அன்று என்மேல் சீறிய அதே பெண், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வீட்டுல இருக்கிற நாள்ல பதினோரு மணி ஆனா ஃபோன் பக்கத்துல கொண்டு போயி உக்கார வைம்பாங்க பாய். யாரு பேசுவாங்க அத்தைன்னு கேட்டா, தெரியாதும்பாங்க. ஆனா வருவாங்கம்பாங்க."

தூக்கும்போது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. அந்தச் சின்ன உடம்புக்குப் பாரமே இல்லை. சுடுகாட்டு வாசல் வரை போய்விட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காது மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஊர் வந்து சேரும்வரை எதையும் கேட்க எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் காலை மிஷினை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கீரைக்காரம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வல்லாரைக் கட்டைத் தாமே என் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்து கீரையை ஆய்ந்து வைத்தேன். பதினோரு மணி ஆயிற்று. சொல்வதற்கு விஷயம் இருந்தது. நேற்று நிறையப் பேரிடம் பேசியிருந்தேன். கை தானாக எண்ணை அழுத்தி, தானாக ஃபோனை இடது காதுக்குக் கொண்டுபோயிற்று. வலது காதுக்கு மாற்றினேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. பால் தெளிக்கப் போயிருப்பார்கள், வீட்டில் யாரும் இல்லை போலும். நின்றுபோகும் வரை வைத்திருந்தேன்.

அம்மா, மரியாதைக்கு நல்லா இருக்கு என்று சொல்லக் கூடாது என்பீர்கள். அதனால் உள்ளதைச் சொல்லி விடைபெறுகிறேன்.

கடலூர் பேசுறேன். கேக்கலை.